கல்லுப்பு என்பது நான்தான்

அனுப்புநர்:
தாக் மியோங்-சுக், வயது 53,
மியோங்-சுக் தொடுகறிக் கடை,
வடக்குச் சந்தை, மீன் வரிசைக்கு எதிர்ப்புறம்,
இன்சோன்.

பெறுநர்:
குழுத் தலைவர் அவர்கள்,
இணையக் குற்றப் புலனாய்வுக் குழு,
நகரக் காவல் நிலையம்,
இன்சோன்.

பொருள்: விளையாட்டுப் பொருள் விற்பனையில் ஆள்மாறாட்டம் செய்து என்னையும் இன்னொருவரையும் ஏமாற்றிய நபர், இப்போது என் பெயரைச் சொல்லி மூன்றாவது ஒருவரை ஏமாற்றவிருப்பதைச் சனிக்கிழமை மாலைக்கு முன் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: திரு. குக் தே-ஹியோன் என் மீது அளித்த மோசடிப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இன்று வியாழக்கிழமை. நாளை மறுநாள் மாலை, பியோன் சூன்-ஓக் என்ற பெயருள்ள ஒருவர் தம்முடைய பொருளை ஒரு திருடனின் கையில் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை தாமே திருடர் என்று பெயர் வாங்கப்போகிறார். அவரை எனக்குத் தெரியாது. அவருடைய ஊர், வயது, தொழில் எதுவும் தெரியாது. வங்கிக் கணக்கு எண்ணும் பெயரும் மட்டுமே தெரியும். அவருக்கு என்ன நடக்கப்போகிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது எனக்கு நடந்து முடிந்திருக்கிறது. நேரம் இல்லையென்றால் தாங்கள் ஒன்பதாம் பத்தியிலிருந்து படிக்கலாம். ஆனால் முதலிலிருந்து படித்தால்தான் நான் பதறுவது ஏன் என்று விளங்கும்.

1. நான் வடக்குச் சந்தையில் தொடுகறிக் கடை நடத்துகிறேன். கிம்ச்சி, வறுத்த மீன் கேக், முளைப்பயறு, சோயாச் சாற்றில் வேகவைத்த கறுப்பு மொச்சை ஆகியவை என் கடையில் கிடைக்கும். பிற்பகலில் ஆள் வராத நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் சீட்டாடுவார்கள். நான் வெள்ளிக்கோட்டை என்ற இணைய விளையாட்டை விளையாடுவேன். அதில் என் பெயர் கல்லுப்பு. வில்லாளி. இந்த வயதில் விளையாட்டா என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும். அந்த விளையாட்டில் என்னை மதிக்கிற அளவுக்கு என் வீட்டில் என்னை யாரும் மதிப்பதில்லை.

2. என்னிடம் பனிக்கழுகு வில் என்ற ஒரு பொருள் இருந்தது. கையால் தொட முடியாத பொருள்தான். ஆனாலும் அதை உருவாக்க ஆண்டுக்கணக்கில் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு முறை அதற்கு வலுவேற்றும்போதும் அது உடைந்து ஒன்றுமில்லாமல் போய்விடலாம். கடைசி முறை வலுவேற்றியபோது எங்கள் தோழமை அணியின் தலைவர் பக்கத்திலேயே நின்றார். அவருடைய விளையாட்டுப் பெயர் இரும்புவாசல். வில் உடையாமல் மின்னியதும் என்னைவிட அவர்தான் அதிகம் குதித்தார். இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. பின்னால் வரும்.

3. கடையின் கண்ணாடிக் குளிர்பெட்டி இந்த வசந்தத்தில் உயிரை விட்டது. கோடைக்கு முன் புதிது வாங்கியாக வேண்டும். அதனால் வில்லை விற்க முடிவு செய்து, இதற்கென்று இருக்கும் ஒரு வியாபாரத் தளத்தில் விளம்பரம் போட்டேன். அந்தத் தளத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வாங்குபவரின் பணத்தை அவர்களே பிடித்து வைத்துக்கொண்டு, பொருள் கைமாறிய பிறகுதான் விற்றவருக்குக் கொடுப்பார்கள். அதற்குச் சிறிது தரகு உண்டு. விளம்பரம் போட்ட அன்றே, அந்தத் தளத்துக்கு வெளியே, அரட்டைச் செயலியில் எனக்கு ஒரு செய்தி வந்தது. பெயர் இரும்புவாசல். படமும் அவர் வழக்கமாக வைத்திருக்கும் அதே நாய்ப் படம்.

"அக்கா, வில்லை விக்கிறீங்களாமே. வெளி ஆளுக்கு ஏன் போகணும்? நானே எடுத்துக்கிறேன். நமக்குள்ள தரகு எல்லாம் எதுக்கு, நேரா உங்க கணக்குல போட்டுடறேன்."

அந்தச் செயலியில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எந்தப் படத்தையும் வைத்துக்கொள்ளலாம். இது எனக்குத் தெரியாதது அல்ல. இரும்புவாசலின் தொலைபேசி எண்ணும் என்னிடம் இருக்கிறது. ஒரு முறை கூப்பிட்டிருந்தால் இந்த மனுவுக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால், ஐயா, எத்தனையோ சண்டைகளில் முதுகைக் காத்து நின்ற ஒருவரைக் கூப்பிட்டு, "நீங்க நீங்கதானா?" என்று எப்படிக் கேட்பது? அவர் மனம் புண்படும் என்று கூச்சப்பட்டேன். எங்களைப் போல அணி கட்டி விளையாடுபவர்களிடம் இந்தக் கூச்சம் உண்டு என்பது அந்த நபருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எந்த அணியோடு எந்த அணி தோழமை என்பது விளையாட்டின் தரவரிசைப் பலகையில் எல்லோருக்கும் தெரியும்படிதான் இருக்கிறது.

4. இரண்டு நாள் பேசினோம். வில்லின் நாண் எத்தனை முறை வலுவேற்றப்பட்டது, ஒரு முறையாவது விரிசல் விட்டதா என்றெல்லாம் கேட்டார். இந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரும்புவாசல்தான் அப்போது பக்கத்தில் நின்றவராயிற்றே, அவர் ஏன் இதைக் கேட்க வேண்டும்? காசு கொடுத்து வாங்கும்போது எல்லோரும் அந்நியர் போலத்தான் கேட்பார்கள் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். "விரிசல் எல்லாம் இல்லை. கொஞ்சம் மீன் கேக் வாசம் அடிக்கும், அவ்வளவுதான்" என்று கேலியும் எழுதினேன். அதற்கு, "அப்ப எதிரி வாசம் பிடிச்சே ஓடிருவான்" என்று பதில் வந்தது. இரும்புவாசலுக்கு இவ்வளவு நகைச்சுவை எங்கிருந்து வந்தது என்று வியந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

பிறகு, தம் அணியின் கணக்குப் பார்ப்பவரிடம் காட்ட ஒரு சாட்சிப் படம் வேண்டும் என்றார். பொருள் விற்பவர்கள் இப்படிப் படம் எடுத்துக் கொடுப்பது வழக்கம்தான். கணினித் திரையில் வில்லைத் திறந்து வைத்து, தாளில் தேதியையும் கல்லுப்பு என்ற பெயரையும் கையால் எழுதித் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, என் முகமும் தெரிய எடுத்து அனுப்பினேன். பின்னால் கிம்ச்சி டப்பாக்கள்கூடத் தெரியும்.

5. சென்ற சனிக்கிழமை மாலை கோட்டைச் சண்டை. எல்லா அணிகளும் கூடும் நேரம் அது. சண்டைக்குக் கொஞ்சம் முன்பு, பணம் போட்டாயிற்று என்று செய்தி வந்தது. வங்கி அறிவிப்பைப் பார்த்தேன். ஒப்புக்கொண்ட தொகை வந்திருந்தது. அனுப்பியவர் பெயர் என்ற இடத்தில் இரும்புவாசல் என்று இருந்தது. அந்த இடத்தில் பணம் போடுகிறவர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பது நம் நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமியாருக்குப் பணம் அனுப்பும்போது நானே "சண்டை வேண்டாம்" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் அந்தப் பெயரைப் பார்த்ததும் நம்பிவிட்டேன்.

அடுத்து, "நான் சண்டையில மாட்டிக்கிட்டேன் அக்கா. கோதுமைன்னு ஒரு ஆள் சந்தைத் திடல்ல நிக்கிறான், என் கிடங்கு ஆள்தான். அவன்கிட்ட குடுத்துடுங்க" என்று வந்தது. பொருள்களைப் போட்டு வைக்க மட்டும் ஒரு எளிய உருவத்தை உண்டாக்கி வைத்துக்கொள்வதை நாங்கள் கிடங்கு ஆள் என்போம். எல்லோரிடமும் ஒன்று உண்டு. கந்தல் சட்டை போட்ட அந்தக் கோதுமையிடம் என் வில்லைக் கொடுத்தேன். அவன் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு மறைந்தான்.

6. சண்டையின்போது நாங்கள் எல்லோரும் ஒரே குரல் அறையில் பேசிக்கொண்டிருப்போம். அங்கே அன்று நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். அறையில் இருந்த அனைவரும் இதற்குச் சாட்சி.

இரும்புவாசல் கேட்டார்: "கல்லுப்பு அக்கா எங்கே? வில்லைத் தூக்கிட்டு மேற்கு வாசலுக்கு வாங்க, சீக்கிரம்."

நான்: "வில்லை உங்ககிட்ட குடுத்துட்டு நான் எதைத் தூக்கிட்டு வர்றது, கரண்டியையா?"

"என்கிட்டயா? எப்போ?"

"இப்பத்தான். உங்க கிடங்கு ஆள்கிட்ட."

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, எனக்குக் கிடங்கு ஆளே கிடையாது."

அன்று மேற்கு வாசல் விழுந்தது. அது இந்த வழக்குக்குத் தேவையில்லாத செய்தி, ஆனாலும் எழுதிவிட்டேன்.

பணம்தான் வந்துவிட்டதே, யார் வாங்கினால் என்ன என்று நான் கேட்டேன். இரும்புவாசல் பதறிப்போய், "அந்தப் பணத்தைத் தொடாதீங்க அக்கா. குளிர்பெட்டியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அது யாரோட பணமோ. நாளைக்கு வந்து கேப்பாங்க பாருங்க" என்றார். அவருடைய சொந்த ஊர் நண்பர் ஒருவர் இதில் ஒரு முறை மாட்டியவராம். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பணத்தை நான் தொடவில்லை. அன்றே அரட்டை முழுவதையும் படமெடுத்து வைத்தேன். விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். தாமாக முன்வந்து கொடுத்த பொருளைத் திரும்பப் பெற்றுத்தர இயலாது என்றும், காவல்துறை கேட்டால் பதிவுகளைத் தருவோம் என்றும் பதில் வந்தது. வியாபாரத் தளத்தாரோ, தளத்துக்கு வெளியே நடந்ததற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது சரி.

7. திங்கட்கிழமை காலை, என்னிடம் நெடுநாளாகத் தொடுகறி வாங்கும் ஒரு பெண்மணி கடை வாசலில் நின்று பணம் அனுப்ப முயன்றார். "அக்கா, உங்க எண்ணைப் போட்டா சிவப்பா எச்சரிக்கை வருது. மோசடிப் புகார் இருக்காம். நான்தான் எண்ணைத் தப்பாப் போட்டுட்டேனோ?" என்றார். தப்பு இல்லை. என் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. மோசடிக்காரர்களின் கணக்கு எண்களைத் தேடிப் பார்க்கும் செயலியிலும் என் எண் ஏறியிருந்தது. அந்தப் பெண்மணி நல்லவர். ஒன்றும் கேட்காமல் ரொக்கமாகக் கொடுத்தார். ஆனால் நான் கொடுத்த மீதிச் சில்லறையை அங்கேயே நின்று எண்ணிப் பார்த்தார். இத்தனை காலத்தில் அவர் ஒரு முறைகூட எண்ணியதில்லை. ஐயா, எனக்கு அழுகை வந்தது. இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

8. அன்று பிற்பகல் தங்கள் அலுவலகத்தில் இருந்து அழைப்பு வந்தது. வந்தபோது, புகார் கொடுத்த திரு. குக் தே-ஹியோன் அங்கே இருந்தார். மின்தூக்கி பழுதுபார்ப்பவர், நாற்பதைத் தாண்டியவர். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீங்கதானே அது? உங்க கடை மீன் கேக்கு நல்லா இருக்கும்னு ஊரே எழுதி வச்சிருக்கு. அதைப் படிச்சுட்டுத்தான் பணமே போட்டேன். வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"வில்லு எங்கேன்னு நீங்க என்னைக் கேக்குறீங்களா? என் வில்லு எங்கேன்னு நான் யாரைக் கேக்குறது?"

"உங்க முகம் இருக்குங்க என் போன்ல. கையில தாளோட."

அவர் காட்டியது என்னுடைய சாட்சிப் படம். இரும்புவாசல் என்று நம்பி நான் அனுப்பிய அதே படம். கிம்ச்சி டப்பாக்கள் உட்பட. அதன் பிறகு நாங்கள் சத்தம் போடவில்லை. தங்கள் புலனாய்வாளர் இரண்டு தொலைபேசிகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு அரட்டைகளையும் வரிவரியாக நகர்த்திக்கொண்டே வந்தார். நாண் விரிசல் விட்டதா என்ற கேள்வியைக் கேட்டவர் திரு. குக். அது இரும்புவாசல் கேட்டதாக என்னிடம் வந்தது. மீன் கேக் வாசம் அடிக்கும் என்று நான் எழுதியது, கல்லுப்பு எழுதியதாக அவரிடம் போயிருக்கிறது. எதிரி வாசம் பிடித்தே ஓடிவிடுவான் என்று சிரித்தவரும் திரு. குக்தான். இரண்டு நாளாக நானும் அவரும்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். நடுவில் ஒருவன் உட்கார்ந்து அவர் சொன்னதை எனக்கும் நான் சொன்னதை அவருக்கும் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தான். பணம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. வில் என்னிடமிருந்து அவனுக்குப் போனது. (ஆணோ பெண்ணோ தெரியாது. கோபத்தில் அவன் என்று எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.)

பணம் போடும்போது இரும்புவாசல் என்ற பெயரில் போடச் சொன்னது ஏன் என்று புலனாய்வாளர் கேட்டார். கல்லுப்பு என்ற பெயரில் தமக்கு வந்திருந்த செய்தியைத் திரு. குக் தம் தொலைபேசியிலிருந்து படித்துக் காட்டினார்: "என் வீட்டுக்காரர் வரவு செலவைத் துருவிப் பாப்பாரு. விளையாட்டு ஆள் பேரைப் போட்டா ஒண்ணும் கேக்க மாட்டாரு." என் கணவர் இந்தக் கடையின் வரவு செலவை ஒரு நாளும் திரும்பிப் பார்த்தவர் அல்ல. பார்த்திருந்தால் எனக்கு எவ்வளவோ வேலை மிச்சமாகியிருக்கும்.

திரு. குக் கவனமில்லாதவர் அல்ல என்பதையும் பதிவு செய்கிறேன். பணம் போடுமுன் என் கணக்கு எண்ணை மோசடிச் செயலியில் தேடியிருக்கிறார். சுத்தமாக இருந்திருக்கிறது. கணக்கின் பெயரைச் சரிபார்த்திருக்கிறார். வரைபடத்தில் கடையைப் பார்த்திருக்கிறார். எல்லாம் உண்மை, ஏனென்றால் நான் உண்மையானவள். என் நல்ல பெயரைத்தான் அவன் கருவியாக வைத்துக்கொண்டான். நான் அந்தத் தாளில், "இதை இரும்புவாசலுக்கு விற்கிறேன்" என்று ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் அந்தப் படம் அவனுக்குப் பயன்பட்டிருக்காது. யாருக்கு விற்கிறேன் என்பதை எழுத எனக்குத் தோன்றவில்லை. இனி விற்பவர்கள் யாரானாலும் அதை எழுதச் சொல்லித் தாங்கள் அறிவிப்புச் செய்தால் புண்ணியமாகப் போகும்.

புலனாய்வாளர் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஆனால் கணக்கு என் பெயரில் இருப்பதால் முறைப்படி நான் சந்தேகத்துக்குரியவள் என்றும், அரட்டைச் செயலியில் இருக்கும் ஆளைக் கண்டுபிடிக்கப் பல மாதங்கள் ஆகலாம் என்றும் சொன்னார். அது அவர் நிலை. என் நிலையைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசலில் திரு. குக், "முதலாளியம்மா, மன்னிச்சுக்கோங்க. நீங்க பேசினது ரொம்ப நல்லாயிருந்துச்சு, அதான் நம்பிட்டேன்" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன் என்று சொன்னேன்.

9. இப்போது அவசரமான செய்தி. நேற்று மாலை திரு. குக் நேராக என் கடைக்கு ஓடிவந்தார். அவர் அந்த ஆளை விடாமல் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். வேறொரு பெயரில், பொருள் வாங்குபவர் போல, விற்கிறவர்களோடு அரட்டையில் பேசிப் பார்த்திருக்கிறார். ஒரு கேடயம் விற்பனைக்கு வந்திருக்கிறது. விற்பவர் பணிவாகப் பேசியிருக்கிறார், சாட்சிப் படம் அனுப்பியிருக்கிறார், கணக்கு எண் கொடுத்திருக்கிறார். கணக்கு பியோன் சூன்-ஓக் என்பவருடையது. எல்லாம் சுத்தம். கடைசியில் ஒரு செய்தி வந்திருக்கிறது. அதைத் திரு. குக் என் முகத்துக்கு நேரே நீட்டினார்:

"சனிக்கிழமை சண்டைக்கு முன்னாடி போட்டுடுங்க. அனுப்புறவர் பேர்ல கல்லுப்புன்னு போடுங்க. எங்க வீட்டுல கேள்வி கேக்க மாட்டாங்க."

ஐயா, இதன் பொருள் தங்களுக்கே விளங்கும். அந்தக் கேடயத்தின் உண்மையான சொந்தக்காரர் பியோன் சூன்-ஓக். அவரிடம் அவன் வாங்குபவனாகப் பேசிக்கொண்டிருக்கிறான். இந்த முறை இரும்புவாசலாக அல்ல. கல்லுப்பாக. சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருக்கும், விளையாட்டில் எல்லோருக்கும் தெரிந்த, நம்பலாம் என்று பெயர் வாங்கிய அக்காவாக. என் முகமுள்ள படத்தையும் அவருக்குக் காட்டியிருப்பான் என்றே அஞ்சுகிறேன். சனிக்கிழமை கல்லுப்பு என்ற பெயரில் பணம் வந்ததும் அவர் நிம்மதியாக ஏதோ ஒரு கிடங்கு ஆளிடம் கேடயத்தைக் கொடுப்பார். திங்கட்கிழமை அவர் கணக்கு முடங்கும். யாராவது அவர் எதிரில் நின்று சில்லறையை எண்ணுவார்கள்.

திரு. குக் பணம் போடமாட்டார். ஆனால் அவன் ஒரே ஒருவரோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பான் என்று நம்ப இடமில்லை. வேறு யாராவது போட்டுவிடுவார்கள்.

10. பியோன் சூன்-ஓக் அவர்களை எச்சரிக்க எங்களுக்கு இருந்தது ஒரே வழி. அரட்டையில் எழுதினால் அது அவனிடம்தான் போகும். வியாபாரத் தளத்தில் அவர் விளம்பரம் எது என்று தெரியவில்லை. கணக்கு எண் மட்டும் இருக்கிறது. அதனால் இன்று காலை திரு. குக் தம் கணக்கிலிருந்து அவருக்கு ஒரே ஒரு வோன் பணம் அனுப்பினார். அனுப்புபவர் பெயர் என்ற இடத்தில் "விற்காதீர்கள்" என்று எழுதினோம். அவன் பொய்யை எழுதிய அதே இடத்தில்தான் நாங்களும் எழுத வேண்டியிருந்தது. அங்கே சில எழுத்துகளுக்கு மேல் இடமில்லை.

நான் இந்த மனுவின் ஐந்தாம் பத்தியை எழுதிக்கொண்டிருந்தபோது திரு. குக்கின் கணக்குக்கு ஒரு வோன் திரும்பி வந்தது. அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் அவர் எழுதியிருந்தது: "யார் நீங்கள்"

மறுபடியும் ஒரு வோன் அனுப்பி என் கடையின் தொலைபேசி எண்ணை எழுதினோம். அழைப்பு வரவில்லை. நானாக இருந்தாலும் அழைத்திருக்கமாட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு வோன் அனுப்பி எண் கொடுத்தால் அழைக்காதீர்கள் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? என் பெயரைச் சொல்லலாம் என்றால், கல்லுப்பு என்ற அந்தப் பெயரில்தான் அவன் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். என் வாழ்க்கையில் என் பெயரைச் சொல்லப் பயந்தது இதுதான் முதல் முறை. மூன்றாம் தடவை அனுப்ப என்ன எழுதலாம் என்று மூன்று தாள்களில் எழுதிக் கிழித்துப் போட்டேன், அந்தச் சிறிய இடத்தில் எழுத ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. மணியோசை கேட்கும்போதெல்லாம் திரு. குக்கும் நானும் ஒரே நேரத்தில் தொலைபேசியைப் பார்க்கிறோம். அவர் இன்று வேலைக்குப் போகவில்லை.

எனவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது இதுவே. வங்கியிடம் முகவரி கேட்டுப் பெறும் அதிகாரம் தங்களுக்கு இருக்கிறது. சனிக்கிழமை மாலைக்கு முன் பியோன் சூன்-ஓக் அவர்களுக்குச் செய்தி சேர வேண்டும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். "காவல்துறை என்று சொல்லி அழைப்பு வந்தால் நம்பாதீர்கள்" என்ற அறிவிப்பு தங்கள் அலுவலகச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. நானே படித்தேன். அவரும் எங்காவது படித்திருப்பார். தயவுசெய்து சீருடை அணிந்த ஒருவரை அவர் வீட்டு வாசலுக்கே அனுப்ப வேண்டும்.

கோதுமை என்ற அந்த உருவத்தின் பதிவுகள் அழியாமல் இருக்க விளையாட்டு நிறுவனத்துக்கு உடனே கடிதம் அனுப்ப வேண்டும். வில் இன்னும் எங்காவது இருந்தால் அதை விற்க முடியாதபடி நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும். என் கணக்கில் இருக்கும் திரு. குக்கின் பணத்தை அவருக்கே திருப்பிக் கொடுக்க நான் முழுமனத்தோடு சம்மதிக்கிறேன். அதற்கு வங்கி கேட்கும் எதிலும் கையெழுத்திடுகிறேன். என்னைச் சந்தேகத்துக்குரியவள் என்ற இடத்திலிருந்து பாதிக்கப்பட்டவள் என்ற இடத்துக்கு மாற்ற வேண்டும். இவை எல்லாம் அடுத்த வாரம் நடந்தாலும் பொறுத்துக்கொள்கிறேன். குளிர்பெட்டி இல்லாமல் ஐஸ் கட்டி வாங்கிப் போட்டுக் கோடையைத் தள்ளிக்கொள்வேன். பியோன் சூன்-ஓக் அவர்களின் காரியம் மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ள முடியாதது. இன்று அவர் மீது ஒரு புகாரும் இல்லை. அவர் கணக்கு எண்ணைப் போட்டால் செயலியில் சுத்தம் என்றுதான் வருகிறது. நான் இப்போதுகூடப் போட்டுப் பார்த்தேன்.

தங்களிடமிருந்து செல்பவர் அவருடைய வாசலில் நிற்கும்போது, "ஒரு வோன் அனுப்பியவர் யார்?" என்று அவர் நிச்சயமாகக் கேட்பார். வடக்குச் சந்தையில் மீன் வரிசைக்கு எதிரில் கடை வைத்திருக்கும் உண்மையான கல்லுப்பு என்று சொல்லும்படி வேண்டிக்கொள்கிறேன். தங்கள் ஆள் சொன்னால் நம்புவார். நான் சொன்னால் நம்பமாட்டார்.

இரண்டு தொலைபேசிகளிலும் உள்ள அரட்டையின் படங்கள், வங்கி அறிவிப்புகள், திரு. குக்கின் கையெழுத்திட்ட வாக்குமூலம், ஒரு வோன் வந்ததற்கும் போனதற்குமான சான்று ஆகியவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன். புதிதாக எடுத்த ஒரு சாட்சிப் படமும் இருக்கிறது. இந்த முறை தாளில் "காவல் நிலையத்துக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறேன்.

தங்கள் ஆள் கிளம்பிவிட்டார் என்ற செய்திக்காகக் கடையைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
தாக் மியோங்-சுக்

இடம்: இன்சோன்
நாள்: 08.06.2023, வியாழன்